சாப்பாட்டு அடுக்கை மேலே ஏற்றியவன் எழுதுவது

அன்புள்ள சந்துரு,

என் கடிதங்களின் தலையில் எப்போதும் இருக்கும் ஆசீர்வாதம் இதில் இல்லை. மறந்துவிடவில்லை, எழுதக் கை வரவில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பத்திரிகைகள் மஞ்சள் தடவிக் கூடத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. உன் அம்மா தினமும் நாலு தடவை யார் பெயரோ விட்டுப்போயிற்று என்று ஞாபகப்படுத்திக்கொண்டு ஓடிவருகிறாள். இந்தச் சமயத்தில் அப்பா பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்று எனக்கும் தெரியும். கோபத்தைக் குறை, பெண்டாட்டி பேசும்போது பேப்பர் படிக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அதையெல்லாம் உனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நான் சொல்லவேண்டியது வேறு ஒன்று. அதைச் சொல்லாமலே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் பாதி கேட்பதற்குள் "போட்டும்பா, பரவால்லை" என்று நீ மன்னித்துவிடுவாய். உன் சுபாவம் அது. முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் நீ கொடுக்கும் மன்னிப்பு எனக்கு உதவாது. கடிதம் என்றால் நடுவில் குறுக்கிட முடியாது. கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வித்யாவும் அவள் அம்மாவும் வலியசாலையிலிருந்து வந்திருந்தார்கள், கூறைப்புடவையைக் காட்டுவதற்காக. பெரியவர்கள் இரண்டு பேரும் புடவையைப் பிரித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட, வித்யா எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். "மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்டாது. இவர் எப்பவுமே இப்படித்தானா? ரிசப்ஷன்ல ஐஸ்க்ரீம் வெக்கலாமான்னு கேட்டாக்கூட, அப்பாட்ட கேட்டுட்டுச் சொல்றேன்ங்கறார்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. சிரித்தேன். "என் பிள்ளை என்னைக் கேக்காம ஒரு துரும்பை நகத்தமாட்டான்" என்று இந்தக் கரமனைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் அல்லவா நான்.

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயம் கிடையாதான்னு நான் கேட்டேன், மாமா. அதுக்கு அவர் சொன்னார், ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் நானே யோசிச்சு, நானே கணக்குப் போட்டு ஒரு சைக்கிள் பண்ணினேன். அது என்னைக் கல்லாறு வளைவுல தூக்கி எறிஞ்சுது. அன்னிலேர்ந்து என் கணக்கை நான் நம்பறதில்லை, அப்படின்னார். தமாஷாத்தான் சொன்னார். எனக்கென்னமோ சிரிப்பு வரலை" என்றாள். காப்பி ஆறிப்போனது. எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

நீ இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, கரமனைப் பாலத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் டயர் பஞ்சராகி உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்தாற்போல் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிள் அது. ஊர் அந்த சைக்கிளைப் பார்த்து வாயைப் பிளந்தது. நீ மட்டும் அதில் அவர் மூட்டைகளை எங்கெங்கே தொங்கவிட்டிருக்கிறார் என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் படம் போட ஆரம்பித்தாய். ஒன்றரை வருஷம். இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து, கிள்ளிப்பாலம் வெல்டிங் கடையில் ஒட்டவைத்து, மூன்று செயினை ஒன்றாக இணைத்து, நம் வீட்டு வயர் நாற்காலியின் முதுகை எடுத்து அதில் பொருத்தி, கடைசி வருஷம் முடியும் தறுவாயில் ஒருநாள் அதைத் தெருவில் இறக்கினாய். முன்னால் சின்ன சக்கரம், பின்னால் பெரிய சக்கரம், நடுவில் நீ.

எதிர்வீட்டு அனந்து மாமாவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "என்ன ஓய், பிள்ளையாண்டான் மல்லாக்கச் சாஞ்சுண்டு காலை முன்னாடி நீட்டிண்டு தெருவோட போறானே, நாலு பேர் தூக்காததுதான் பாக்கி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் எரிந்து விழுந்தேன். உன்னை நினைத்து அன்றைக்கு வெட்கப்பட்டேன், சந்துரு. கோவிலுக்குப் போகும்போது நீ எதிரே அந்த வண்டியில் வந்தால் வேறு சந்தில் திரும்பியிருக்கிறேன். ஆபீசில் மலையாளி யாராவது "சாரே, மோன் ஒரு விசித்திர வண்டி ஓட்டறானே" என்று கேட்டால், காலேஜில் கொடுத்த வேலை, மார்க்குக்காகச் செய்கிறான் என்று புளுகியிருக்கிறேன். காலேஜுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீயாக ஆசைப்பட்டுச் செய்தது.

உனக்கோ வண்டி ஓடியது போதவில்லை. அதில் நாலு நாளைக்கு வேண்டிய சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும். அதற்கு முதல்படியாகப் பொன்முடி மலை. சாமான் ஏற்றுவது என்றால் நான் சும்மா இருப்பேனா? மூட்டை கட்டுவதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. யார் வீட்டில் காசிக்குக் கிளம்பினாலும் ஹோல்டால் கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா கட்டிய பெட்டியை ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் நான் ஒரு தடவை பிரித்து வேறு மாதிரி அடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒருமுறை திருநெல்வேலி கல்யாணத்துக்குப் போகும்போது அப்படி அடுக்கியதில் டிக்கெட்டை அடியில் போட்டுவிட்டு, பரிசோதகர் எதிரே நிற்க, ரயில் பெட்டியின் தரையில் உன் அம்மாவின் புடவைகளையெல்லாம் பரத்தினேனே, நினைவிருக்கிறதா? அப்போதும் "நீ சரியா வெக்கலை" என்று அவளைத்தான் திட்டினேன். அப்படிப்பட்ட நான், "பின்னாடி கேரியர்ல வெச்சு இழுத்துக் கட்டிட வேண்டியதுதானே" என்று உனக்கு யோசனை சொன்னேன்.

நீ பொறுமையாகச் சொன்னாய். "இது சாதா சைக்கிள் மாதிரி இல்லேப்பா. முதுகு சீட்டுல சாஞ்சிருக்கறதால தோள்ல பை மாட்ட முடியாது. பின்னாடி தலை உயரத்துல கனம் வெச்சா வண்டி வாலை ஆட்டும், கேட்டேளா. கனமெல்லாம் சீட்டுக்கு அடியில, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, தரைக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. இடதும் வலதும் ஒரே எடை. மேலே லேசான சாமான் மட்டும்." லாரித் தார்ப்பாயை வெட்டி அம்மாவின் தையல் மிஷினில் இரண்டு பைகள் தைத்தாய். பழைய பேப்பர்காரரிடம் ஸ்ப்ரிங் தராசு இரவல் வாங்கிவந்து, கூடத்து உத்தரத்தில் மாட்டி, சோப்பு டப்பாவைக்கூட எடை போட்டு இடமா வலமா என்று எழுதிக்கொண்டாய். கிளம்புவதற்கு முந்தின வாரம் பைகளில் செங்கல் வைத்து நெடுமங்காடு வரை போய்த் திரும்பி வந்தாய். "ஒரு ஆட்டம் கிடையாது, தேர் மாதிரி வரது" என்றாய். உன் முகம் அவ்வளவு மலர்ந்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஒரு பெரிய டிசைன் கல்லூரியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கார்டு வந்திருந்த சமயம் அது. வண்டியின் போட்டோவையும் பயணக் குறிப்பையும் அங்கே காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் வாசலில் வைத்து ஒத்திகை பார்த்தாய். டிபன் கேரியர் இடது பைக்குள் போகவேண்டும், தண்ணீர்க் கேன் வலது பைக்குள். வழியில் குடிக்க ஒரு சின்ன பாட்டில் மட்டும் சீட்டுக்குப் பக்கத்தில் தனியாக. அனந்து மாமா வேடிக்கை பார்க்க வந்தார். "சாப்பாட்டை சீட்டுக்கு அடியிலயா வெக்கறான்? அன்னத்து மேல உக்காந்துண்டா போகப்போறான்? செரி செரி, அன்னபூரணியை அடக்கிண்டு மலை ஏறட்டும்!" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம் வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். ஆறு வயதில் நீ அரிசி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்ததற்கு முதுகில் ஒன்று வைத்தேன். ரயிலில் டிபன் கேரியரை சீட்டுக்கு அடியில் தள்ளவிடாமல் திருநெல்வேலி வரை மடியில் வைத்துக்கொண்டு போகிறவன் நான். அம்மாகூட அன்றைக்கு, "வழியில சாப்பிடற சோறுதானே, குழந்தை சௌகரியப்படி வெச்சுக்கட்டும், விடுங்கோ" என்றாள். சமைத்தவளுக்கு இல்லாத ஆசாரம் எனக்கு இருந்தது.

ஆசாரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஆசாரம் பாதி, அனந்துவின் சிரிப்பு பாதி. மறுநாள் காலையில் தெருவே வாசலில் நிற்கும், அவர்கள் எதிரில் என் பிள்ளை சாப்பாட்டுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு போவான் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

காலையில் நீ குளிக்கப் போனாய். நீ குளித்துவிட்டு சுவாமிக்கு நமஸ்காரம் செய்து வருவதற்குக் கால் மணி நேரம் ஆகும். நான் வாசலுக்குப் போய் டிபன் கேரியரையும் தண்ணீர்க் கேனையும் வெளியே எடுத்தேன். பின்னால் தலை உயரத்தில் இருந்த தட்டில் நீ வைத்திருந்த போர்வையையும் துணிகளையும் எடுத்துக் கீழ்ப் பைகளில் திணித்தேன், பை உப்பி முன்போலவே தெரியவேண்டும் என்று. ஐந்தடுக்கு கேரியரையும் கேனையும் அந்தத் தட்டில் ஏற்றி, கயிற்றால் வரிந்து கட்டி, அதன்மேல் உன் மழைக்கோட்டை நீ போர்த்தியிருந்த மாதிரியே போர்த்தினேன். அனந்து மறுபடி சிரித்தாலும், சாப்பாடு அடியில் இல்லை என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது. உன்னிடம் கேட்டால் நீ சம்மதிக்கமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் உனக்குத் தெரியாமல் செய்தேன். தெரியாமல் செய்ததோடு, தெரியக்கூடாது என்று மூடியும் வைத்தேன். நீ ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதித்ததும் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கேப்பா" என்றாய். "லோடு வெச்சா ஆடாம இருக்குமா? போகப் போகச் செரியாயிடும், கிளம்பு" என்றேன். நான் சொன்னதை நீ நம்பினாய்.

பத்து மணிக்கு அனந்து மாமா வீட்டுக்குப் போன் வந்தது. டாக்ஸி பிடித்து விதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இடது காறை எலும்பு முறிந்து, மோவாயில் ஐந்து தையலோடு நீ படுத்திருந்தாய். கல்லாற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மலை ஏறுவதாக இருந்தவன், கல்லாற்றுக்கு முந்தின இறக்கத்து வளைவில் விழுந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி வண்டியைப் பற்றி. "அதை அங்கேயே விட்டுட வேண்டாம்பா. பையெல்லாம் எடுத்துண்டு வந்துடுங்கோ" என்றாய்.

நான் போனேன். வளைவில் ஒரு டீக்கடை. டீ மாஸ்டர் நாங்குநேரிப் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கும். மயங்கிக் கிடந்த உன்னைத் தூக்கி ஜீப்பில் ஏற்றிவிட்டவர் அவர்தான். இத்தனை வருஷமாக அவர் பேச்சு ஒரு வார்த்தை மாறாமல் என் காதில் இருக்கிறது. "சார், தம்பி நிதானமாத்தான் வந்தான். இது என்னடா புது மாதிரி வண்டின்னு நான் பாத்துக்கிட்டே நிக்கேன். வளைவுல அவன் ஒரு பக்கமா சாயுதான், பின்னால ஒசரத்துல கெட்டியிருந்த பொதி அவனை எதிர்ப்பக்கமா இழுக்கு. ரெண்டு ஆட்டு ஆடிச்சு, அம்புட்டுதான். அவ்வளவு கனத்தை அவ்வளவு ஒசரத்துல யாரு சார் கெட்டுனது? ஆனா கெட்டு மட்டும் நல்ல கெட்டு. அவுக்க முடியல. கத்தி வச்சுல்லா அறுத்தேன்."

என் முடிச்சு அவிழவில்லை, சந்துரு. அவிழ்ந்திருந்தால் கேரியர் தனியாகத் தெறித்து விழுந்திருக்கும், நீ தப்பித்திருப்பாய். ஊரே மெச்சிய முடிச்சு உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"யாரு கெட்டுனது" என்று அவர் கேட்டதற்கு நான் "தெரியலை" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். "பையன்கிட்ட இதையெல்லாம் பேசவேண்டாம், மனசு கஷ்டப்படுவான்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டீ ஆற்றப் போய்விட்டார். பிறகு நான் அந்தக் கடையின் பின்பக்கம் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நசுங்கிய கேரியரை இடது பைக்குள் வைத்தேன். தண்ணீர்க் கேனை வலது பைக்குள் வைத்தேன். போர்வையையும் துணியையும் மேலே வைத்து ஒரு சணலால் கட்டினேன். அறுத்துப்போட்ட கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கி ஆற்றில் எறிந்தேன். மாற்றி வைத்ததைப் பிரியம், அறியாமை என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். திருப்பி வைத்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

மறுநாள் வீட்டில், கை தூளியில் தொங்க, நீ ஒற்றைக் கையால் பைகளைத் திறந்து பார்த்தாய். நானும் அம்மாவும் நின்றுகொண்டிருந்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் நான் வெச்சபடியேதான் இருக்கு" என்றாய். உன் குரலில் ஒரு பயம் இருந்தது. "பின்னே? யார் தொடப்போறா?" என்றேன் நான். "அப்போ என் கணக்குதான் தப்பாயிருக்கணும்" என்றாய். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "நான் அப்பவே சொன்னேனோ இல்லையோ" என்று சொல்வதற்காகத் திறந்தேன்.

பத்து நாள் நீ அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. செங்கல் வைத்தபோது ஆடாத வண்டி சாமான் வைத்தபோது ஏன் ஆடியது என்று கூட்டிக் கழித்து, அழித்து, மறுபடி எழுதி, இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தாய். நான் அடுத்த அறையில் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் நோட்டை மூடிக் குப்பைக் கூடையில் போட்டாய். தூளி கழற்றியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு நடந்து வந்தாய். இன்டர்வியூ நாள் வந்தது, போனது. "நீங்களே சொல்லுங்கோப்பா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாய். உன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு அது தித்தித்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் சேரச் சொன்னேன். சேர்ந்தாய். அதற்குப் பிறகு புனேயில் எந்த வீட்டில் குடியிருப்பது, எந்த ஸ்கூட்டர் வாங்குவது, யாரைக் கல்யாணம் செய்துகொள்வது, எல்லாவற்றுக்கும் போன் வந்தது. பிள்ளைக்கு என்ன மரியாதை பார் என்று அனந்துவிடம் நான் பீற்றிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் எனக்குள் எங்கேயோ உண்மை தெரிந்துதான் இருந்தது. வித்யா வந்து அதை வாய்விட்டுச் சொல்லும்வரை தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

நீ குப்பையில் போட்ட நோட்டை அன்றைக்கே எடுத்து என் அலமாரியில் பூட்டிவைத்தேன். பிரியத்தால் என்று நினைக்காதே. உன் கணக்கு தெரிந்த ஒருவர் கையில் அது கிடைத்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். இந்த வாரம்தான் அதை முதலிலிருந்து படித்தேன். சாமான் ஏற்றுவதைப் பற்றி மட்டும் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அடிக்கடி வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில். தண்ணீர் தீரத் தீர எடை குறையும், ஆகவே எதிர்ப்பக்கத்தில் சாப்பாடு. இரண்டும் சேர்ந்தே குறையட்டும். தொங்கும் வார் எதுவும் செயின் பக்கம் வரக்கூடாது. மழையில் தார்ப்பாய் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று பையை நனைத்துத் தூக்கி எடை போட்டிருக்கிறாய். இருபத்தொரு வயதுப் பையன் இவ்வளவு யோசித்திருக்கிறான், அதே வீட்டில் இருந்துகொண்டு நான் அதை ஒரு நாள்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கோடு கோடாக அடித்துவிட்டு, கீழே "பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்தபிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. நோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. உன் நோட்டில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது.

நேற்று காலை அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையைத் தைக்கறச்சே அவன் எத்தனை சந்தோஷமா இருந்தான் தெரியுமோ" என்றாள். பிறகு, "என்கிட்ட எதுக்குச் சொல்றேள்? அவன்கிட்டன்னா சொல்லணும்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. இலை போடுகிறாள், பரிமாறுகிறாள், பேசவில்லை. அதுதான் நியாயம்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் நான் செய்து கெட்டதால் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். வித்யா ஒரு பெட்டியை அடுக்கினால் அதை நீ பிரிக்காதே. தப்பாக அடுக்கியிருக்கிறாள் என்று தோன்றினால் அவளிடமே கேள். அவள் அப்படி வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கும். நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அது ஏதோ ஒரு கோணல் வண்டியைச் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றால், எதிர்வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பார். நான் தலையைத் திருப்பிக்கொண்ட அந்த நாட்களில் உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். கல்யாணம் வரை பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்றுக்குத்தான் பயப்படுகிறேன். இதையும் படித்துவிட்டு நீ போனை எடுத்து, "இப்போ நான் என்ன பண்ணட்டும்பா?" என்று என்னையே கேட்டுவிடுவாயோ என்று. கேட்காதே. போனில் அந்தக் கேள்வி வந்தால் நான் வைத்துவிடுவேன். மணையில் உன் பக்கத்தில் நான் உட்காரவேண்டுமா, பந்தலில் ஒரு ஓரமாக நிற்கவேண்டுமா, வரவே வேண்டாமா, மூன்றில் எது என்று நீயே யோசித்து ஒரு வரி எழுது. நான் அதன்படி செய்கிறேன். நீ போடும் கணக்கு சரியாகத்தான் இருக்கும், சந்துரு. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.

அப்பா